தில்லைவனத்துச் சேறு

சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த மரத்தை இன்று சிதம்பரம் நகரத்தில் தேடினால் காண்பது அரிது. அதைப் பார்க்க வேண்டுமானால் பிச்சாவரம் சென்று தோணி ஏற வேண்டும். அங்கே சுரபுன்னைக்கும் வெண்கண்டலுக்கும் இடையே, உப்புநீர் ஏறி இறங்கும் கரைகளில் தில்லை நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கு ஆபத்து என்று விறகு வெட்டுவோர் அஞ்சுவர். நடராஜப் பெருமானின் தல விருட்சம் என்று பக்தர்கள் வணங்குவர். நாம் இன்று எழுதப் புகுந்தது அம்மரத்தைப் பற்றியல்ல, அதன் வேர் புதைந்து கிடக்கும் கருஞ்சேற்றைப் பற்றி. கால் புதையும், அழுகிய முட்டையைப் போல் நாறும் அந்தச் சேற்றிலே, நம் ஆஸ்பத்திரிகளுக்கு இன்று மிகவும் வேண்டியிருக்கும் மருந்துகளின் வித்துக்கள் கிடக்கக்கூடும் என்று சொன்னால் நேயர்களிற் சிலர் நகைக்கலாம். நகைப்பதற்கு முன் விஷயத்தைச் சற்றுக் கேட்குமாறு வேண்டுகிறோம்.

கிருமி என்ற சொல்லைக் கேட்டதும் காலராவையும் க்ஷயத்தையும் நினைப்பது நம் வழக்கமாகிவிட்டது. இது அநியாயம். பாலைத் தயிராக்குவதும் கிருமி. இட்டிலி மாவைப் புளிக்கச் செய்வதும் கிருமி. கோடை கழிந்து முதல் மழை விழுந்தவுடன் நாம் ஆவலோடு முகரும் மண்வாசனையைப் பெரும்பாலும் உண்டாக்குவதும் ஆக்டினோமைசீட் என்னும் கிருமி வகையே. அவை பூஞ்சணத்தைப் போல் மண்ணில் இழைவிட்டுப் படரும். ஆயினும் பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தவை. ஒரு சிட்டிகை மண்ணில் கோடிக்கணக்கான கிருமிகள் ஒரே இரைக்குப் போட்டியிடுகின்றன. பல்லும் நகமும் இல்லாத இந்த ஜீவன்கள் ரசாயனத்தைக் கொண்டே தங்கள் இடத்தைக் காத்துக்கொள்ளுகின்றன. அயலிலுள்ள கிருமி தன் மேற்சுவரைக் கட்டவொட்டாமல் தடுக்கும் ரசாயனம் ஒன்று. அது புரதம் செய்யும் யந்திரத்தையே நிறுத்திவிடும் ரசாயனம் மற்றொன்று. பாலைப் புளிக்கச் செய்யும் கிருமியிடமும் இப்படி ஓர் ஆயுதம் உண்டென்பது 1928-ல் தெரிய வந்தது. நைசின் என்று பெயர் பெற்ற அந்தப் பொருள் இன்று பாலாடைக் கட்டி கெடாமலிருக்கப் பல தேசங்களில் சேர்க்கப்படுகிறது.

மண்ணின் இந்த ஆயுதசாலையை மனிதன் கொள்ளையடித்த கதை விசித்திரமானது. 1943-ம் வருஷத்தில் அமெரிக்காவின் ரட்கர்ஸ் சர்வகலாசாலையில், வாக்ஸ்மன் என்பவரின் ஆராய்ச்சிச் சாலையில் வேலை செய்த ஆல்பர்ட் ஷாட்ஸ் என்னும் இளைஞர், ஆக்டினோமைசீட் ஒன்றிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினை எடுத்தார். க்ஷயரோகத்தை எதிர்த்து நின்ற முதல் மருந்து அதுவே. ஷாட்ஸ் நியாயஸ்தலம் சென்றுதான் தம் பங்கைப் பெற நேர்ந்தது. 1952-ல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டுமே கிடைத்தது. நம் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் க்ஷயரோகிகள் இன்று விழுங்கும் ரிஃபாம்பிசினின் மூலம், 1957-ல் பிரான்ஸ் தேசத்துப் பைன் காட்டு மண்ணில் அகப்பட்ட ஒரு கிருமி. எரித்ரோமைசினின் கதை நம்மைப் போன்ற தேசத்தார் மனத்தில் இருத்த வேண்டியது. 1949-ல் பிலிப்பைன்ஸ் தீவுகளின் இலோயிலோ பிரதேசத்தில் அபெலார்டோ அகிலார் என்னும் வைத்தியர், தம் ஊர் மண்ணை, தாம் வேலை பார்த்த அமெரிக்கக் கம்பெனிக்கு அனுப்பினார். 1952-ல் மருந்து விற்பனைக்கு வந்துவிட்டது. மண் பிலிப்பைன்ஸுடையது, லாபம் அமெரிக்கக் கம்பெனியுடையது, அனுப்பிய வைத்தியருக்குப் பங்கு கிடைக்கவில்லை.

இத்துறையில் நம்மவர் கை இல்லாமலும் இல்லை. எல்லாப்பிரகட சுப்பாராவ் சென்னை வைத்தியக் கல்லூரியில் படித்தபோது, காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டு அறுவைக் கூடத்திற்கும் கதர் அங்கி அணிந்து சென்றார். வெள்ளைக்காரப் பேராசிரியர் முகம் சுளித்தார். எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாகக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். பட்டமே அவர் கையில் கொடுக்கப்பட்டது. இங்கே இடமில்லாமல் கடல் கடந்த அவர், அமெரிக்காவில் லெடர்லி ஆராய்ச்சி நிலையத்தின் தலைவரானார். அந்த நிலையத்தில், அவர் தலைமையின் கீழ், மிஸ்ஸௌரி மாகாணத்து வயல் மண்ணிலிருந்து ஆரியோமைசின் என்னும் மருந்தை டக்கர் என்பவர் கண்டெடுத்தார். 1948-ல் அது வெளியாயிற்று. அதே வருஷத்தில் சுப்பாராவ் காலமானார். ஒரு கதர் அங்கியைச் சகியாத கல்லூரி எத்தகைய மனிதரை இழந்தது என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வாறு மண் கொடுத்த மருந்துகள் இப்போது வலுவிழந்து வருகின்றன. அளவின்றியும் முறையின்றியும் மருந்தை இறைத்ததால், நோய்க் கிருமிகள் அதைத் தாங்கப் பழகிவிட்டன. மருந்துக்கு அடங்காத கிருமிகளால் மட்டும் 2019-ல் உலகமெங்கும் சுமார் 12,70,000 பேர் மாண்டதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். 2010-ல் ஒரு சம்பவம் நடந்தது. மருந்துகளை முறித்துவிடும் ஒரு நொதிக்கு நம் தலைநகரின் பெயரைச் சூட்டி, சென்னையிலும் ஹரியானாவிலும் அது பரவியிருப்பதை லண்டன் வைத்தியப் பத்திரிகை ஒன்று வெளியிட்டது. பார்லிமெண்டு வரை ஆத்திரம் பொங்கிற்று. பெயர் வைத்தது தவறென்று அடுத்த வருஷம் பத்திராசிரியரே மன்னிப்புக் கேட்டார். பெயரைப் பற்றிக் கோபித்ததில் பாதியாவது நாம் வஸ்துவைப் பற்றிக் கோபித்தோமா? 2012-ல் சென்னையில் கூடிய வைத்திய சங்கத்தார் ‘சென்னைப் பிரகடனம்’ ஒன்றை வெளியிட்டு எச்சரித்தார்கள். அதன் பிறகும், கடைசிக் கையிருப்பான கோலிஸ்டின் என்னும் மருந்து கோழித் தீனியில் கொட்டப்பட்டு வந்தது. 2019-ல்தான் அதற்குத் தடை பிறந்தது. அந்தக் கோலிஸ்டினும் ஒரு மண் கிருமி தந்ததே.

புது மருந்து வேண்டும். பழைய மண்ணைத் தோண்டித் தோண்டி அலுத்த விஞ்ஞானிகள், உப்பும் சேறும் கலந்த இடங்களை நாடலாயினர். இங்கேதான் நம் ஜில்லா வருகிறது.

வெள்ளாறு கடலிற் கலக்கும் பறங்கிப்பேட்டையில், 1830 வாக்கில் சேலத்து இரும்புக் கல்லை உருக்கும் ஆலை ஒன்று இருந்தது. அந்த இரும்பு கப்பலேறிச் சீமைக்குப் போயிற்று. ஆலையும் பின்னர் அழிந்தது. அதே ஊரில் 1950-களில் அண்ணாமலை சர்வகலாசாலை கடல்வாழ் உயிர்களை ஆராய ஒரு நிலையம் தொடங்கிற்று. ஆர். வி. சேஷய்யா என்னும் பெரியார் அதை வளர்த்தார். 1963-ல் அது உயர் ஆராய்ச்சி மையமாக அங்கீகாரம் பெற்றது. தெற்கே சிறிது தூரத்தில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில் பிச்சாவரத்துக் காடு. கடல் உப்பு, ஆற்று வண்டல், உதிர்ந்து மக்கும் இலை, காற்றற்ற சேறு ஆகிய யாவும் ஓரிடத்தில் கூடியிருப்பதால், அங்கே வாழும் கிருமிகள் வயற்காட்டுக் கிருமிகளினின்றும் வேறுபட்டவை.

நிலையத்து ஆராய்ச்சியாளர் பல வருஷங்களாக வெள்ளாற்றுச் சேற்றையும் பிச்சாவரத்துச் சேற்றையும் சோதித்து வந்திருக்கிறார்கள். சோதனை எளியது. அகார் என்னும் பாசிக்கூழ் பரப்பிய தட்டில் சீழ் உண்டாக்கும் கிருமியைப் பூசுகிறார்கள். அதன்மேல் சேற்றிலிருந்து பிரித்த ஆக்டினோமைசீட்டை, அல்லது அதன் சாற்றை, ஒரு புள்ளியாக வைக்கிறார்கள். ஒரு நாள் கழித்துப் பார்த்தால், தட்டெங்கும் கிருமி மங்கலாகப் படர்ந்திருக்க, புள்ளியைச் சுற்றி மட்டும் தெளிந்த வட்டம் ஒன்று தோன்றும். அந்த வட்டத்துக்குள் நோய்க் கிருமி வளரவில்லை என்பது பொருள். இத்தகைய வட்டங்கள் நம் சேற்றிலிருந்து எத்தனையோ தோன்றியிருக்கின்றன. கட்டுரைகளாகவும் பட்டங்களாகவும் ஆகியிருக்கின்றன. மருந்தாக ஆனது ஒன்றுமில்லை.

இதற்கு ஆராய்ச்சியாளரைக் குறை கூறுவது நியாயமன்று. வட்டம் தோன்றுவது பயணத்தின் முதல் மைல்தான். எந்தப் பொருள் அந்த வட்டத்தை உண்டாக்கிற்று என்று பிரித்தறிய வேண்டும். பத்தில் பல தடவை அது ஏற்கெனவே கண்ட பழைய மருந்தாகவே இருக்கும். புதிதாயின், மனித உடலுக்கு விஷமா என்று விலங்குகளிடம் பார்க்க வேண்டும், பிறகு நோயாளிகளிடம். இதற்குப் பத்து வருஷமும் பல கோடி ரூபாயும் ஆகும். தனி முதலாளிக்கோ இதில் ஆசை குறைவு. நீரிழிவு மருந்தை ஆயுள் முழுதும் விழுங்குவார்கள். கிருமி மருந்தை ஒரு வாரம் விழுங்கிக் குணமாகிவிடுவார்கள். 2018-ல் புதுக் கிருமி மருந்துக்கு அனுமதி பெற்ற அமெரிக்கக் கம்பெனி ஒன்று 2019-ல் திவாலாயிற்று என்றால் வேறு சாட்சி வேண்டுமா? ஆகவே இது சர்க்காரும் தேசமும் சுமக்க வேண்டிய பாரமாகிறது.

நம்மால் முடியாதென்பார்க்கு ஒன்று சொல்வோம். சென்னை ஆர்க்கிட் கம்பெனியில் உருவான என்மெட்டாசோபாக்டம் என்னும் பொருளைக் கொண்ட மருந்துக்கு 2024 பிப்ரவரியில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. ஆராய்ச்சிச் சாலையிலிருந்து வயலுக்குப் பாதை போட்டபோதும் பலன் கிடைத்திருக்கிறது. சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ் என்னும் நல்ல கிருமியின் ‘பி.எஃப்.1’ வகையைக் கோயம்புத்தூர் விவசாய சர்வகலாசாலை தேர்ந்தெடுத்து, டால்க் தூளில் கலந்து கொடுத்தது. கிலோ விதைக்கு 10 கிராம் வீதம் கலந்து விதைத்தால், நெல்லின் குலைநோயையும் இலையுறைக் கருகலையும் அது அடக்குகிறது. டெல்டா விவசாயிகள் இன்று அதைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள். மனிதருக்கு மருந்து செய்வது இதைவிடப் பன்மடங்கு கடினம். ஆனால் முறை இதுவே.

கடற்கரையில் பாடம் வேறு விதமாகக் கிடைத்தது. இறால் குட்டைகளிலும் குஞ்சுப் பண்ணைகளிலும் விப்ரியோ என்னும் கிருமி பெருகினால் இரவில் தண்ணீர் ஒளி வீசும். பார்வைக்கு அழகு, இறாலுக்கு மரணம். பண்ணையார்கள் மருந்துகளைக் கொட்டினர். அவற்றின் மிச்சம் ஏற்றுமதி இறாலில் அகப்பட்டு, ஐரோப்பாவில் நம் சரக்கின் பெயர் கெட்டது. தடை வந்த பின் பலர் பாசில்லஸ் என்னும் நல்ல கிருமியை வெல்லக் கரைசலில் பெருக்கிக் குட்டையில் விடுகிறார்கள். அது விப்ரியோவின் இரையைப் பறிக்கிறது. சில வகைகள் அதை எதிர்க்கும் பொருளையும் சுரக்கின்றன. இதிலும் பெயர் மட்டும் உள்ள பொட்டலங்களை விற்போர் உண்டென்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.

2002-ம் வருஷத்து உயிரினப் பன்மைச் சட்டத்தின்படி, நம் மண்ணின் கிருமியைக்கூட அந்நியர் அனுமதியின்றி எடுத்துச் செல்லலாகாது. அனுமதி தரும் அதிகார சபை சென்னையிலேயே இருக்கிறது. இலோயிலோவில் நடந்தது பிச்சாவரத்தில் நடவாதபடி பூட்டுப் போட்டாயிற்று, நல்லதே. பூட்டிய அறைக்குள் நாம் என்ன செய்கிறோம்? பறங்கிப்பேட்டையிலிருந்து கடலூர் சிப்காட் பேட்டை வெகு தூரமில்லை. அங்கே மருந்து செய்யும் தொழிற்சாலை இருக்கிறது. ரசாயனம் அறிந்த கைகளும் இருக்கின்றன. சேறு ஒரு பக்கம், தொழிற்சாலை மறு பக்கம். இரண்டையும் இணைக்க, சேற்றுக் கிருமிகளை உறைகுளிரில் காக்கும் சாலையும், நூறு லிட்டர் அளவிலாவது வளர்த்துச் சாறெடுக்கும் கூடமும், பொருளைப் பிரித்தறியும் ரசாயனிகளும் வேண்டும். ஆராய்ச்சி மாணவர் பட்டம் பெற்று வெளியேறியதும் அவர் கண்ட கிருமி கவனிப்பாரின்றிச் சாவது நம் தேசத்துக் கலாசாலைகள் பலவற்றில் சகஜமாயிருக்கிறது. மீண்டும் சேற்றில் இறங்கினால் அதே கிருமி அகப்படும் என்று யார் ஜவாப்தாரி? உப்பனாற்றில் கழிவு சேர்வது போல் வெள்ளாற்றிலும் சேர்ந்தால் தேடுவதற்குச் சேறும் மிஞ்சாது.

சிதம்பரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் நாம் தெரிந்தெடுத்து அனுப்பும் அங்கத்தினர்கள் சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் அடுத்த வரவு செலவுத் திட்டத்தின் போது எழுந்து நின்று இரண்டு கேள்விகளாவது கேட்கட்டும். வெள்ளாற்றிலும் பிச்சாவரத்திலும் இதுகாறும் எடுக்கப்பட்ட கிருமிகளில் எத்தனை இன்று உயிரோடு, எந்தக் குளிர்ப்பெட்டியில் இருக்கின்றன? அவற்றுள் எத்தனை, தட்டிலிருந்து விலங்குச் சோதனை வரையிலாவது போயிருக்கின்றன?