உங்களுக்குத் தெரியுமா? தங்கம் தேடிய நெல்லி

தங்க வேட்டை என்றதும் தாடிக்கார ஆண்கள்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால் அயர்லாந்தில் பிறந்து அமெரிக்கா வந்த நெல்லி கேஷ்மன், ஏறக்குறைய அரை நூற்றாண்டு அந்த வேட்டையை விடவில்லை.

1874-ல் கனடாவின் கேசியார் மலைப்பகுதியில் விடுதி நடத்திக்கொண்டே தங்கமும் தேடினார். குளிர்காலத்துக்கு விக்டோரியா நகருக்குப் போயிருந்தபோது, கேசியாரில் பனியில் சிக்கிய சுரங்கக்காரர்கள் ஸ்கர்வி நோயால் அவதிப்படுவதாகச் செய்தி வந்தது. காய்கறி, பழம் இல்லாமல் ஈறு வீங்கி ரத்தம் கசியும் நோய் அது. ஆறு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, உருளைக்கிழங்கும் எலுமிச்சைச் சாறுமாகச் சுமார் 680 கிலோ சரக்கோடு நெல்லி கிளம்பிவிட்டார். இது பைத்தியக்காரத்தனம் என்று ராணுவ அதிகாரி ஒருவர் அவரைத் திருப்பி அழைத்துவர வீரர்களை அனுப்பினாராம். உறைந்த ஆற்றின் மேல் சாவகாசமாகச் சமைத்துக்கொண்டிருந்தவர், வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தார்! போய்ச் சேர 77 நாட்கள் ஆயின.

நெல்லி திருமணம் செய்துகொள்ளவில்லை; ஆனால் சகோதரியின் அநாதையான பிள்ளைகள் ஐவரை வளர்த்தது அவர்தான்.

1898-ல், ஐம்பதைத் தாண்டிய வயதில், சில்கூட் கணவாய் ஏறி, தங்கம் தேடிக் கனடாவின் க்ளோண்டைக் பகுதிக்குப் போனார். பிறகு அலாஸ்காவின் கோயுகுக் பகுதி. எழுபதிலும் நாய்வண்டிப் பயணம். 1925-ல் விக்டோரியாவில், தானே நிதி திரட்டிக் கொடுத்த மருத்துவமனையில் காலமானார். அமெரிக்கா அவருக்குத் தபால்தலை வெளியிட்டது 1994-ல்.