விகிதத்தில் மறைந்த மனிதன்

சார்லஸ் டிக்கன்ஸின் நாவல்களில் அளவில் சிறியது 'ஹார்ட் டைம்ஸ்'. 'கஷ்ட காலம்' என்று அதற்குப் பொருள் கூறலாம். 1854-ம் வருஷம் ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரையில், அவரே நடத்திய வாரப் பத்திரிகையில் அது தொடர்ந்து வெளிவந்தது. அவ்வருஷம் ஜனவரியில் அவர் லங்காஷயரிலுள்ள பிரஸ்டன் நகருக்குச் சென்று, மாதக்கணக்கில் மூடிக்கிடந்த பஞ்சாலைகளையும் வேலையிழந்த தொழிலாளரையும் நேரில் கண்டு திரும்பியிருந்தார். கதையில் வரும் கோக்டவுன் அத்தகையதோர் ஆலைநகரம். அங்கே தொழிலாளருக்கு வழங்கும் பெயர் 'கைகள்'. அக்கைகளுக்குரியவர்களுக்கு நெஞ்சும் உண்டென்பது முதலாளிகளின் கணக்கில் ஏறவில்லை.

அவ்வூரில் பள்ளிக்கூடம் வைத்திருக்கும் கிராட்கிரைண்ட் கொடியவர் அல்லர், மக்களிடம் அன்புள்ளவரே. ஆயினும், அளந்தறியக் கூடியதே உண்மை, மற்றதெல்லாம் மயக்கம் என்பது அவரது சித்தாந்தம். அவர் வீட்டுக் குழந்தைகளுக்குக் கதையில்லை, கற்பனையில்லை. இளைய புதல்வர் இருவருக்கும் ஆடம் ஸ்மித், மால்தஸ் என்ற பொருளாதார அறிஞரின் பெயர்களையே சூட்டியிருக்கிறார். பள்ளியிலோ, குதிரைகளோடு வளர்ந்த சர்க்கஸ்காரன் மகள் ஸிஸி குதிரைக்கு இலக்கணம் சொல்லத் தெரியாது விழிக்கிறாள். பிட்ஸர் என்னும் பையன் அதன் பற்களின் தொகையுட்பட ஒப்பித்துப் பாராட்டுப் பெறுகிறான்.

10 லக்ஷம் பேர் வாழும் நகரில் ஒரு வருஷத்தில் 25 பேர் மட்டுமே தெருவில் பட்டினியால் இறந்தால் அந்த விகிதம் எத்தகையது என்று ஆசிரியர் கேட்கிறார். மற்றவர் எத்தனை லக்ஷமானாலும் இறந்தவருக்குக் கொடுமை ஒன்றுதானே என்கிறாள் ஸிஸி. விடை தவறென்று தள்ளப்படுகிறது!

இக்கல்வியின் பலன் தந்தையின் தலையிலேயே விடிகிறது. தம் மகள் லூயிசாவை, அவளினும் முப்பது வயது மூத்த ஆலைமுதலாளி பௌண்டர்பிக்கு மணமுடிக்கிறார். அன்பைப்பற்றி அவள் கேட்க, விவாகப் புள்ளிவிவரங்களை எடுத்துரைக்கிறார். பின்னர் அவள் மனமுடைந்து தந்தையின் காலடியில் வந்து விழுகிறாள். மகன் டாம், தான் வேலைபார்க்கும் பாங்கில் திருடிப் பழியை ஏழைத் தொழிலாளி ஒருவன் மீது சுமத்துகிறான். தப்பியோடும் டாமைப் பிட்ஸர் வந்து பிடிக்கிறான். உனக்கு இருதயமில்லையா என்று தந்தை கதறுகிறார். இரத்த ஓட்டத்திற்கு அது அவசியமென்றும், பள்ளிச் சம்பளம் செலுத்தியாயிற்று, பள்ளியை விட்டதோடு கொடுக்கல் வாங்கல் தீர்ந்ததென்றும் பிட்ஸர் விடையளிக்கிறான். அவர் கற்பித்ததைப் பிழையறக் கற்றவன் அவனே. ஆபத்தில் உதவியவர்களோ ஸிஸியும் சர்க்கஸ்காரருமே.

நூலில் குறையில்லாமலில்லை. தொழிற்சங்கத் தலைவனை வெறும் வாய்ச்சொல் வீரனாகவே டிக்கன்ஸ் தீட்டியிருக்கிறார். பிரஸ்டன் தொழிலாளரின் ஒழுங்கை 1854 பிப்ரவரியில் கட்டுரை வாயிலாகப் பாராட்டியவரும் அவரே என்பதால் இவ்வநீதி நமக்கு வியப்பளிக்கிறது. ஜான் ரஸ்கினும் டிக்கன்ஸின் மிகைப்படுத்தலைக் குறை கூறினார். எனினும், சமுதாயப் பிரச்னைகளில் சிரத்தையுள்ளோர் இந்நாவலை ஊன்றிக் கற்கவேண்டுமென்று 'அன்டு திஸ் லாஸ்ட்' நூலில் வற்புறுத்தினார். காந்தியடிகள் 1904-ல் தென்னாப்பிரிக்காவில் படித்து, 1908-ல் 'சர்வோதயம்' என்று குஜராத்தியில் தழுவியெழுதியது அந்த நூலையே.

கணக்கு வேண்டாமென்று எவரும் கூறார். பசித்தோரின் தொகையை அறியாமல் பசியைத் தீர்க்க இயலாது. ஆனால், பொதுவாழ்வில் புகுவோர் விகிதம் சிறிதென்று திருப்தியுறும் வேளையில், ஸிஸியின் விடையை ஒருமுறை நினைவுகூர்தல் கடமையாகும்.