ஐயம்பேட்டை மாடிக்கு ஏற்ற ஆண்டெனா

வாலாஜாபாத்தை அடுத்த ஐயம்பேட்டையில் பட்டு நெசவே பெருந்தொழில். தறியை விட்டு எழுந்தபின் சிறிது பொழுது தொலைக்காட்சி காண்பதும், விவசாயிகள் மழைச்செய்தி அறிவதும் இன்று வழக்கமாகிவிட்டன. அதற்கென மாதந்தோறும் கட்டணம் செலுத்துவது எளிய குடும்பங்களுக்குச் சுமையே. இச்சுமையின்றிப் படம் பெறுவதற்கு எத்தகைய ஆண்டெனா வேண்டும்?

1975 ஆகஸ்டு 15 அன்று சென்னை நிலையம் தொடங்கப்பெற்றபின், மீன்முள் வடிவான அலுமினிய ஆண்டெனாக்கள் வீடுதோறும் எழுந்தன. பழைய முறைத் தரைவழி ஒளிபரப்பைத் தூர்தர்ஷன், முக்கியமான சில இடங்கள் நீங்கலாக, 2022க்குள் நிறுத்திவிட்டது. எனவே அவற்றை நம்பியிருப்பதற்கில்லை. ‘டிஜிட்டல் ஆண்டெனா’ என்று பெயரிட்டு விலை கூட்டி விற்போரும் உளர். ஆண்டெனாவின் வேலை அலையைப் பிடிப்பதே. அதனைப் படமாக்குவது பெட்டி. பெயருக்காகப் பணம் தர வேண்டுவதில்லை.

2004 டிசம்பரில் தூர்தர்ஷன் தொடங்கிய இலவச டி.டி.எச். சேவை, டி.டி. ஃபிரீ டிஷ் என்ற பெயரில் நடைபெற்று வருகிறது. தட்டு, எல்.என்.பி., பெட்டி ஆகியவற்றை ஒருமுறை வாங்கினால் போதும், மாதக் கட்டணமில்லை. இதன் அலைகள் 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள ஜிசாட்-15 துணைக்கோளிலிருந்து வருகின்றன. நம் ஊரிலிருந்து நோக்கினால் அது தென்கிழக்கில், அடிவானத்திற்கு மேல் ஏறக்குறைய 68 பாகையில் நிற்கிறது. தட்டு அவ்வளவு நிமிர்ந்து நோக்குவதாகத் தோன்றாது, எல்.என்.பி. ஒருபுறம் தள்ளி அமைந்திருப்பதே காரணம். கண்ணுக்குத் தவறாகத் தெரிகிறதென்று அதனை நிமிர்த்திவிடலாகாது.

இவ்வுயரம் நமக்கு நன்மையே. தட்டின் மட்டத்திற்கு மேல் 25 அடி ஓங்கிய தென்னையாயினும், அதன் மட்டைகள் 10 அடிக்கு அப்பால் இருப்பின் மறைக்காது. ஆகவே மரத்தை வெட்டவேண்டுமென்று எவரேனும் கூறினால், முதலில் அளந்து பாருங்கள்.

1975-76இல் ஆறு மாநிலங்களைச் சேர்ந்த 2,400 கிராமங்களுக்குத் துணைக்கோள் வழியே கல்வி ஒளிபரப்பு நடைபெற்றபோது, கோழிவலையாலான 10 அடித் தட்டு தேவைப்பட்டது. இன்று இரண்டடி போதும். அலையின் நீளம் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டராகக் குறுகியது இதற்கு ஒரு காரணம். ஆனால் குறுகிய அலையைப் பெருமழை தடுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் படம் அறுபடுவது இதனாலேயே. 60 சென்டிமீட்டர் தட்டுக்குப் பதில் 90 சென்டிமீட்டர் தட்டு வைத்தால் பரப்பு இரண்டேகால் மடங்காகிறது, அறுபடுதல் குறையும். வீட்டுக்குச் சிறியது போதும். பலர் கூடிக் காணும் பஞ்சாயத்துக் கட்டடத்திற்குப் பெரியதே தக்கது. ஆயினும் பெரிய தட்டு காற்றை மிகுதியாக வாங்கும். ஒன்றிரண்டு பாகை விலகினாலும் படம் மறைந்துவிடும். எனவே தூணைச் சிமெண்டில் ஊன்றி, ஆடிக் காற்று ஓய்ந்ததும் திருகாணிகளை இறுக்கி, கேபிள் இணைப்பில் நீர் புகாதவாறு பட்டை சுற்றி வைக்க வேண்டும்.