லாண்ட்மாஸ்ரர் பெட்டியின் தறப்பாளை நாமே மாற்றுவோம்

லாண்ட்மாஸ்ரர் என்பது உண்மையில் ஒரு கம்பனியின் பெயர். ஆனால் எந்த நாட்டில் செய்த இரு சில்லு உழவு இயந்திரமும் எமக்கு லாண்ட்மாஸ்ரர்தான். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் வந்து சேர்ந்த குடும்பங்கள் பல, பின்னாளில் இங்கே கூலிக்கும் குத்தகைக்கும் தோட்டம் செய்யத் தொடங்கின. அத்தகைய குடும்பமொன்றுக்கு லாண்ட்மாஸ்ரர் வாய்த்தால், அதன் பெட்டிதான் வண்டி, களஞ்சியம், அவசரத்துக்கு வீடு எல்லாம். விதை வெங்காயமும் உரமும் அதிலேதான் போகும். பிள்ளைகளும் அதிலேதான் போவார்கள். மார்ச்சிலும் ஆகஸ்டிலும் தலவில புனித அன்னம்மாள் திருத்தலத் திருநாட்களுக்கு வரும் யாத்திரிகர்களிலும் தறப்பாளின் கீழே இரவைக் கழிப்பவர்கள் உண்டு.

அந்தத் தறப்பாள் கிழிந்தால் நட்டம் துணியோடு நிற்காது. ஒரு மழையில் நனைந்த விதை வெங்காயம் அழுகிவிட்டால் அந்தப் போகமே பிந்திவிடும். ஆகவே தறப்பாள் மாற்றுவதைச் சில்லறை வேலை என்று எண்ண வேண்டாம். தையற்கடைக்குக் கொடுக்காமல் வீட்டில் இருவர் சேர்ந்தே செய்துகொள்ளலாம்.

எமது கரையில் தறப்பாளுக்கு மூன்று பகை: வெயில், உப்பு, சோளகக் காற்று. காற்றின் வேகம் இரு மடங்கானால் அது துணியை இழுக்கும் விசை நான்கு மடங்காகும். 2010 இல் மாம்புரியில் காற்றாலை அமைத்தவர்கள் இந்தக் காற்றை நம்பித்தான் வந்தார்கள். அவர்களுக்கு வருமானம், எமக்குக் கிழிசல்!

முதலில் பழைய துணியைக் கழற்றி நிலத்தில் விரித்துப் பாருங்கள். நடுப்பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கிழிந்திருப்பது ஓரமும், கயிறு கோர்க்கும் கண்ணும், வளைகம்பியில் உராய்ந்த இடமும்தான். புதுத் துணி அதிக நாள் உழைப்பதும் இந்த மூன்று இடங்களில் நாம் செய்யும் வேலையைப் பொறுத்ததே. விலை கூடிய துணியை வாங்கி, ஓரத்தை ஒற்றை மடிப்பாகத் தைத்து விடுவது வீண் செலவு.

துணி வாங்கும்போது நிறத்தைப் பார்த்து மயங்காதீர்கள். விரித்து வெயிலுக்கு எதிரே பிடியுங்கள்; ஊசித் துளைபோல ஒளி தெரிந்தால் அது மழைக்கு உதவாது. நகத்தால் சுரண்டினால் மேற்பூச்சு உரிகிறதா என்றும் பாருங்கள். பருத்திக் கன்வஸ் உறுதியானது, வெக்கையும் குறைவு. ஆனால் ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடித்து இற்றுவிடும், நனைந்தால் சுருங்கும். பின்னிய பொலித்தீன் தறப்பாள் மலிவு, பாரமும் இல்லை. அதற்கு எதிரி வெயில்.

அளவை வளைகம்பியின் மேல் ஒரு கயிற்றைப் போட்டு எடுக்க வேண்டும். பழைய துணியை மட்டும் நம்பி வெட்டக் கூடாது. அது இழுபட்டோ சுருங்கியோ இருக்கும். ஒவ்வொரு பக்கமும் நான்கு அங்குலம் கூட்டி வெட்டுங்கள். இரண்டு துண்டு பொருத்த வேண்டுமானால் முன்துண்டின் விளிம்பு பின்துண்டின் மேல் வரவேண்டும். ஓடும்போது எதிர்க்காற்றும் மழையும் உள்ளே புகாது.

இனி ஓரம். இரண்டு தடவை மடித்து, மடிப்புக்குள் ஒரு கயிற்றை வைத்துத் தையுங்கள். பாய்மரத் தோணிக்காரர் பாயின் விளிம்பில் கயிறு பிடித்ததும் இதற்காகவே: இழுவையைக் கயிறு தாங்கும், துணி தாங்காது. பொலியெஸ்ரர் நூல் நைலோனைவிட வெயிலுக்கு நின்று பிடிக்கும். பொலித்தீனில் தையலை நெருக்கிப் போட்டால் முத்திரைத் தாளின் ஓட்டை வரிசைபோல அந்த வரியிலேயே கிழியும். சாக்கு ஊசியால் சற்று அகலமாகவே தையுங்கள். மூலைகளில் பழைய துணியிலிருந்து ஒரு முக்கோணத் துண்டை வெட்டி உள்ளே வைத்துத் தைக்கலாம்.

கண் வளையங்களை மடிப்பின் மீது மட்டும், ஒன்றரை அடிக்கு ஒன்றாகப் போடுங்கள். உப்புக் காற்றுக்கு இரும்பைவிடப் பித்தளை நல்லது. பொலித்தீனில் துளையைச் சூடாக்கிய ஆணியால் இட்டால் நூல் பிரியாது. அதன் புகை கூடாது, வெளியில் வைத்துச் செய்யுங்கள். கண் வளையம் கிடைக்காவிட்டால் புன்னைக் கொட்டை ஒன்றைத் துணிக்குள் வைத்து, வெளிப்புறமாகக் கயிற்றால் கழுத்தை இறுக்கிக் கட்டுங்கள். துளையே இல்லாதபடியால் அங்கே கிழிவதற்கு இடமில்லை.

துணியைப் போடுமுன் வளைகம்பியின் துருவைத் தேய்த்து, ஒட்டு வேலையில் முனை துருத்திய இடங்களுக்குப் பழைய சைக்கிள் ரியூப்பைச் சுற்றுங்கள். அதே ரியூப்பை வளையமாக வெட்டிக் கண்ணுக்கும் கயிற்றுக்கும் நடுவில் மாட்டினால், காற்று உதைக்கும்போது ரப்பர் இழுபட்டுக் கொடுக்கும். இந்த வேலையைக் காற்று எழுமுன் விடியற்காலையில் முடிப்பது நல்லது. காற்று வரும் பக்கத்தை முதலில் கட்டி, பிறகு மறுபக்கத்தை இழுங்கள். குழி விழாமல் நடுவை உயர்த்தி வையுங்கள். ஒரு சதுர மீற்றரில் 5 சென்ரிமீற்றர் தண்ணீர் தேங்கினால் அது 50 கிலோ பாரம்.

வெறும் பெட்டியோடு பலத்த குறுக்குக் காற்றில் போகும்போது பக்கத் துணிகளைச் சுருட்டிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் பெட்டி பாய் விரித்த தோணிபோல் ஆகிவிடும். ஆட்கள் ஏறியிருந்தால் பின்பக்கத்தை முடிந்து கட்டாதீர்கள். இரவில் பொலித்தீனின் கீழே குப்பிவிளக்கோ அடுப்போ வேண்டாம். அது உருகித் தீயோடு மேலே சொட்டும்.

கழித்த தறப்பாளை எரிக்கவோ தோட்டத்தில் விடவோ வேண்டாம். ஆடு மாடு தின்றுவிடும். நல்ல பகுதியை வெட்டி மிளகாய் காயவிடவும், உரமூடைக்குக் கீழே விரிக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். பித்தளைக் கண்களைக் கழற்றி ஒரு ரின்னில் போட்டு வையுங்கள். பக்கத் துணிக்குப் போடலாம்.