ஹெபடைட்டிஸ் சி: பாசிட்டிவ்னு வந்த பிறகு என்ன?

ஒரு ஆப்பை டவுன்லோடு பண்ணவங்கள்ல எத்தனை பேர் சைன்-அப் பண்ணாங்க, எந்த ஸ்டெப்ல விட்டுட்டுப் போனாங்கன்னு என்னை மாதிரி சாஃப்ட்வேர் ஆளுங்க தினமும் பார்ப்போம். அதே கணக்கை இன்னைக்கு ஹெபடைட்டிஸ் சி-க்குப் போட்டுப் பார்ப்போம்.

இது கல்லீரலைத் தாக்கும் வைரஸ். ரத்தம் வழியாப் பரவும். சேர்ந்து சாப்பிட்டாப் பரவாது. தடுப்பூசி கிடையாது. பெரும்பாலும் மஞ்சள் காமாலைகூட வராது, அதனால கீழாநெல்லி தேடுற நிலைமையே வராது. பல வருஷம் சத்தமே இல்லாம இருந்துட்டு, கல்லீரல் சுருக்கமாவோ புற்றுநோயாவோ வெளிய வரும்.

நல்ல செய்தி, இதுக்கு மாத்திரை இருக்கு. பெரும்பாலானவங்களுக்கு 12 வாரம் போதும். 100-ல 95 பேருக்கு மேல குணமாகுது. 2013-ல அமெரிக்காவுல சோஃபோஸ்புவிர் வந்தப்போ ஒரு கோர்ஸ் 84,000 டாலர். இந்தியாவுல 2018 ஜூலை 28-ல தொடங்கின தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்துல டெஸ்ட், மருந்து ரெண்டுமே இலவசம்.

அப்போ ஆளுங்க எங்க விட்டுப் போறாங்க? முதல் டெஸ்ட்டுக்கும் ரெண்டாவது டெஸ்ட்டுக்கும் நடுவுல. முதல் டெஸ்ட் ஆன்டிபாடியைப் பார்க்குது. வைரஸ் உடம்புக்குள்ள எப்பவோ வந்துச்சுன்னு மட்டும்தான் அது சொல்லும். ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு வைரஸ் தானாவே போயிடும், ஆனா ஆன்டிபாடி இருக்கும். வைரஸ் இப்பவும் இருக்கான்னு சொல்றது ஆர்.என்.ஏ டெஸ்ட். அது பொதுவா பெரிய மருத்துவமனையிலதான் நடக்கும்.

இப்போ எங்க போடிநாயக்கனூருக்கு வாங்க. ஏலத்தோட்டத்துக்குப் போற அக்காங்க விடியக்காலையிலேயே ஜீப் ஏறி, போடிமெட்டு வளைவுகளைத் தாண்டி இடுக்கி மாவட்டத்துக்குப் போவாங்க. திரும்பி வர்றப்போ சாயங்காலம். ஓ.பி. காலையில. தேனியைத் தாண்டி க.விலக்குல இருக்கிற மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனா அன்னைக்குக் கூலி போச்சு. ரத்தம் கொடுக்க ஒரு நாள், ரிசல்ட்டுக்கு ஒரு நாள், மருந்துக்கு ஒரு நாள்னா மூணு நாள் கூலி. வேலை கேரளாவுல, ரேஷன் கார்டு தமிழ்நாட்டுல. அப்போ ஃபாலோ-அப் பண்ணப் போறது யாரு? உடம்புல ஒரு வலியும் இல்லாதப்போ, மருந்து இலவசம்னாலும் யார் மூணு நாளை விடுவாங்க? அவங்க அக்கறை இல்லாதவங்க இல்லைங்க. நாம ஸ்டெப் அதிகமா வெச்சிருக்கோம்.

தீர்வும் ஸ்டெப்பைக் குறைக்கிறதுதான். முதல் டெஸ்ட் பாசிட்டிவ்னா, அதே ரத்தத்துலேயே ஆர்.என்.ஏ டெஸ்ட்டையும் பண்ணிடணும். ரிஃப்ளெக்ஸ் டெஸ்ட்டிங்னு உலக சுகாதார நிறுவனம் 2022-ல பரிந்துரைச்சது இதைத்தான். காசநோய்க்குப் பயன்படுற ஜீன்எக்ஸ்பர்ட் மெஷின்லயே இதைப் பார்க்க முடியும். கேம்ப்பை சாயங்காலம், ஜீப் வந்து நிக்கிற இடத்துலேயே போடலாம். மாத்திரையைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துலேயே கொடுக்கலாம்.

உங்க வீட்டுல யாருக்காவது 2000-க்கு முன்னாடி ரத்தம் ஏத்தியிருந்தா, டயாலிசிஸ் நடந்திருந்தா, சுத்தமில்லாத ஊசியில டாட்டூ குத்தியிருந்தா, ஒரு தடவை டெஸ்ட் பண்ணிடுங்க. பாசிட்டிவ்னு வந்தா பயந்து பேப்பரை மடிச்சு வைக்காதீங்க. "ஆர்.என்.ஏ டெஸ்ட் எங்க, எப்போ?"ன்னு அங்கேயே கேட்டுட்டு வாங்க.