சிறு நட்சத்திரத்தின் பெரிய படம்

மார்கழிப் பனியோடு கிறிஸ்து பிறப்பு விழாவும் வந்துவிட்டால் நம் இல்லங்களில் குடில் எழும்பிவிடுகிறது. வைக்கோல் பரப்பி, மண் ஆடுகளை நிறுத்தி, உச்சியில் நட்சத்திரம் ஒன்றைத் தொங்கவிடுகிறோம். களம்பூரிலுள்ள எங்கள் வீட்டு நட்சத்திரம் கடையில் வாங்கியதன்று. பட்டுச் சேலை நெய்யும் பக்கத்து வீட்டில் மிஞ்சிய சரிகையைக் கேட்டு வாங்கி, அட்டையில் சுற்றித் தைத்து, என் ஆயா செய்தது. அதன் அகலம் 4 சென்டிமீட்டர்தான்.

இப்பொழுது அதன் முனைகளில் சரிகை பிரிகிறது. ஆயாவுக்கும் பார்வை மங்கிவிட்டது. நட்சத்திரம் அழிவதற்குமுன் அதைப் படமெடுத்து வைக்க விரும்பினேன். கைப்பேசியை அருகே கொண்டுபோய் எடுத்தேன். கிடைத்ததோ மஞ்சள் புகை போன்ற ஒரு படம்! ஏன் அப்படி?

நம் கண்ணுக்கு மிக அருகே புத்தகத்தைப் பிடித்தால் எழுத்துக்கள் மங்குகின்றன அல்லவா? காமிராவும் அப்படியே. குறிப்பிட்ட தூரத்திற்கும் அருகில் உள்ள பொருளை அதன் லென்ஸ் தெளிவாகக் காட்டாது. இக்குறையை வென்று சிறு பொருள்களைப் பெரிதாகப் படமெடுப்பதே ‘மாக்ரோ’ புகைப்படக் கலை. பொருளின் அளவும் காமிராவினுள் விழும் பிம்பத்தின் அளவும் சமமாக இருப்பதை அக்கலைஞர்கள் ‘ஒன்றுக்கு ஒன்று’ என்பர். அதற்கெனத் தனி லென்ஸ்கள் உண்டு, விலையும் அதிகம். நமக்கு ஒரு பூதக்கண்ணாடி போதும்.

இயற்பியல் பாடத்தை நினைவுகூருங்கள். 10 செ.மீ. வரை அருகில் பார்க்கக்கூடிய ஒரு காமிராவின் முன், 10 செ.மீ. குவியத் தூரமுள்ள குவிலென்ஸை ஒட்டிவைத்தால், அது ஏறக்குறைய 5 செ.மீ. தூரத்திலேயே தெளிவாகப் பார்க்கும். பொருளும் இருமடங்கு பெரிதாகத் தெரியும்.

ஆனால் அருகே செல்லச் செல்ல, தெளிவாகத் தெரியும் ஆழம் குறைந்துகொண்டே போகும். பெரிய காமிராக்களில் ‘ஒன்றுக்கு ஒன்று’ அளவில் எடுக்கும்போது, லென்ஸின் துவாரத்தை நடுத்தரமாகச் சுருக்கினாலும், தெளிவின் ஆழம் சுமார் 1 மில்லிமீட்டர்தான்! எனவே நட்சத்திரத்தைத் தொங்கவிடாமல் மேசைமேல் படுக்கவைத்து, காமிராவை அதற்கு நேர் மேலே, சமமட்டமாக வைக்க வேண்டும். இருபுறமும் புத்தகங்களை அடுக்கி, அவற்றின்மேல் கைப்பேசியைப் பாலம்போல் வைத்தேன்.

அடுத்தது ஒளி. சரிகை கண்ணாடி போன்றது. எதிரில் உள்ளதையே பிரதிபலிக்கும். ‘பிளாஷ்’ போட்டால் வெள்ளைப் புள்ளிகள்தான் விழும். ஆகவே காலை வேளையில் ஜன்னலருகே மேசையை இட்டு, ஜன்னலில் அப்பாவின் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டினேன். வெயில் மெல்லிய ஒளியாக மாறிப் பக்கவாட்டில் வந்தது. நிழல் விழுந்த மறுபுறத்தில் வெள்ளைத் தாளை நிறுத்தியதும் அங்கும் சரிகை மின்னியது. நட்சத்திரத்தின் அடியில் கறுப்புத் துணி விரித்தேன். அளவு தெரிவதற்காக நம் ஊர்ப் பொன்னி அரிசி ஒன்றையும் பக்கத்தில் வைத்தேன்.

மூன்றாவது எதிரி அசைவு. பொருள் பெரிதாகும்போது அசைவும் பெரிதாகும். மின்விசிறியை நிறுத்தினேன். பக்கத்து வீட்டுத் தறியின் அதிர்ச்சி எங்கள் தரையிலும் தெரியும். அவர்கள் தறியை நிறுத்திச் சாப்பிடப் போகும்வரை காத்திருந்தேன். கைபட்டு அசையாதிருக்க, இரண்டு விநாடி கழித்துத் தானே படமெடுக்கும் ஏற்பாட்டையும் பயன்படுத்தினேன்.

பன்னிரண்டாவது படம் தெளிவாக விழுந்தது. அடடா! நான் பொற்கம்பி என்று எண்ணியிருந்தது கம்பியே அன்று. தூய சரிகையில், பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசுகிறார்கள். குஜராத்தின் சூரத் நகரம் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றது. படத்தில் அந்தச் சுற்றுகள் சுருள்வில்லைப்போல் வரிசையாகத் தெரிந்தன. முலாம் தேய்ந்த இடத்தில் வெண்மை தெரிந்தது. பிரிந்த முனையில் உள்ளே இருந்த சிவப்புப் பட்டு எட்டிப் பார்த்தது.

படத்தைப் பெரிதாக்கி ஆயாவிடம் காட்டினேன். வெகுநேரம் கைப்பேசியைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு தையலாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தவர், ஒரு முனையில் நின்றார்.

“இந்த மூணு தையல் என் கை இல்லடி. இது உங்கம்மா போட்டது” என்றார்.

அடுப்பங்கரையிலிருந்து அம்மா சிரித்துக்கொண்டே வந்தார். தாம் மணமாகி வந்த ஆண்டில் குடில் கட்டும்போது அந்த முனை பிரிந்துவிட்டதாம். மாமியாருக்குத் தெரியாமல் இரவோடிரவாகத் தைத்து வைத்தாராம்!

“அன்னிக்கே தெரியும். நல்லாத்தானே தைச்சிருந்தே, அதான் கேக்கல” என்றார் ஆயா.

தோழியரே, விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. ஒரு பூதக்கண்ணாடி, ஒரு வேட்டி, ஒரு காலைப் பொழுதின் பொறுமை, இவ்வளவே. உங்கள் வீட்டுக் குடிலிலும் யாரோ தம் கையால் செய்த சிறு பொருள் ஒன்று இருக்கும். அதை அருகே சென்று பாருங்கள். செய்தவர் அருகில் இருக்கும்போதே பாருங்கள்.