மின்னூசி பிடிப்பவருக்கும் பாடம் உண்டு

இமை முடி சிலருக்கு உட்புறமாக வளர்ந்து கண்ணை உறுத்தும். பிடுங்கினாலும் மீண்டும் முளைக்கும். 1875-இல் அமெரிக்கக் கண் மருத்துவர் சார்லஸ் மிஷெல், மெல்லிய ஊசி வழியே அதன் வேருக்கு நேர்மின்னோட்டம் செலுத்தி, அது மறுபடி முளைக்காதபடி செய்தார்.

இங்கே நிகழ்வது என்ன? நம் திசுக்களில் உப்பு நீர் இருக்கிறது. உப்பு நீரை மின்னாற்பகுத்தால் எதிர்மின்வாயில் சோடியம் ஹைட்ராக்சைடு உண்டாகும் என்பது பள்ளிப் பாடம். ஊசியே எதிர்மின்வாய் ஆவதால், அங்கு தோன்றும் காரம் மயிர்க்காலை அழித்துவிடுகிறது. மின்னோட்டமும் நேரமும் கூடினால் காரமும் கூடும். அளவு மீறினால் தோல் புண்ணாகும்.

அமெரிக்காவின் சில மாநிலங்களில் இத்தொழிலுக்கு உரிமம் வேண்டும். புளோரிடாவில் அதை 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கு 20 மணி நேரத் தொடர்கல்வி தேவை. அதில் 2 மணி நேரம் சிகிச்சைத் தவறுகளைத் தடுப்பது பற்றியது.

ஃபாரடேயின் விதி மாறவில்லையே, மறுபடியும் படிப்பானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். விதி மாறவில்லைதான், ஆனால் நோய்களைப் பற்றிய அறிவு வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஊசி குத்திய இடத்தில் இரத்தம் கசியலாம். இரத்தத்தால் பரவும் ஹெபடைடிஸ்-சி வைரஸ் இனங்காணப்பட்டது 1989-இல்தான். அதற்கு முன் பயின்றவரின் பாடநூலில் அப்பெயரே இராது. கொதிநீருக்குத் தப்பும் பாக்டீரிய வித்துகள் 121 டிகிரி செல்சியஸ் அழுத்த நீராவியில் மடியும் என்பதையும், கருவிகளைத் தூய்மை செய்பவர் மறந்துவிடக் கூடாது.

ஊசியை நம்பி முகத்தைக் காட்டுபவருக்கு அந்த 20 மணி நேரப் படிப்பு ஒரு பாதுகாப்பு.